இட்ராகோனசோல், டெர்பினாஃபின், கிரிசியோஃபுல்வின்: சீட்டோடு வருகிறவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்லி அனுப்புவது?

தஞ்சை_பார்மசிஸ்ட்

வணக்கம். பூஞ்சைத் தொற்றுக்கான உள்மருந்துச் சீட்டுகள் மருந்துக்கடைகளுக்கு நிறைய வருகின்றன. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் 100 மி.கி. காலை, இரவு. கால் நகச்சொத்தைக்கு டெர்பினாஃபின் 250 மி.கி. மூன்று மாதம். குழந்தைகளின் தலைப்படைக்குக் கிரிசியோஃபுல்வின். பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

கவரில் "சாப்பிட்ட பின்" என்று டிக் அடித்துக் கொடுத்தால் போதாது என்பது தெரிகிறது. ஒரே மருந்தை ஒரே அளவில் வாங்கிய இருவரில் ஒருவருக்கு அடங்கிவிடுகிறது. இன்னொருவர் இரண்டு மாதம் கழித்தும் அதே இடத்தைச் சொறிந்துகொண்டு வருகிறார். எனவே:

எந்த மருந்தை எந்த உணவோடு சாப்பிடச் சொல்ல வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர், சுகர், கேஸ் மாத்திரைகளில் எவை மோதும்? சீட்டில் உள்ள கம்பெனி இல்லாவிட்டால் வேறு இட்ராகோனசோலை மாற்றித் தரலாமா? டெர்பினாஃபின் 500 என்று எழுதி வருவது சரியா?

மருந்தியல்_கோவை

இட்ராகோனசோலிலிருந்து தொடங்குகிறேன், குளறுபடி அதிகம் நடப்பது அதில்தான்.

அது தண்ணீரில் கரையாத மருந்து. இரைப்பையில் அமிலம் இருந்தால்தான் கரையும். அதனால் வழக்கமான கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த உடனே விழுங்க வேண்டும். "சாப்பிட்ட பின்" என்றால் பலர் டீ குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறார்கள். காலையில் இரண்டு பிஸ்கட்டைச் "சாப்பாடு" என்று கணக்கு வைக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம், எந்த இரண்டு வேளை முழுச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அந்த வேளைகளில் போடச் சொல்லுங்கள். மதியமும் இரவும் என்றாலும் பரவாயில்லை, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது கேஸ் மாத்திரை. ஜெலுசில் மாதிரி திரவ ஆன்டாசிட் என்றால் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுச் சமாளிக்கலாம். பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ராபிப்ரசோல் வகைக்கு இடைவெளி உதவாது. அவை அமிலச் சுரப்பையே நாள் முழுக்கக் குறைத்து வைக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், சாப்பிட்டதும் இட்ராகோனசோல் என்று ஒழுங்காகப் போடுகிறவருக்கும் மருந்தில் பெரும்பகுதி மலத்தோடுதான் போகும். கேஸ் மாத்திரை அவசியமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நிறுத்தவே முடியாதென்றால் டயட் அல்லாத கோலா பானத்தோடு கேப்ஸ்யூலை விழுங்கச் சொல்வது உண்டு. கோலாவின் அமிலத்தன்மை இதற்கு உண்மையிலேயே உதவுகிறது. சுகர் உள்ளவரிடம் இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள்.

நம் ஊரில் பான்டோபிரசோல் பல சமயம் டோம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தோடு சேர்ந்த கேப்ஸ்யூலாக வருகிறது. அது இரட்டை ஆபத்து. பான்டோபிரசோல் இட்ராகோனசோலை உள்ளே ஏறவிடாது. ஏறிய கொஞ்ச இட்ராகோனசோலும் டோம்பெரிடோனை வெளியேறவிடாமல் தேக்கி, இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடும். இந்தக் கேப்ஸ்யூலும் இட்ராகோனசோலும் ஒரே சீட்டில் இருந்தால் எழுதியவருக்கு போன் போடாமல் கொடுக்காதீர்கள்.

இனி மோதும் மருந்துகள். கல்லீரலில் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியை இட்ராகோனசோல் பலமாக முடக்குகிறது. அந்த நொதியால் சிதைய வேண்டிய மருந்துகளெல்லாம் ரத்தத்தில் தேங்கும். கவுண்டரில் கேட்க வேண்டியவை:

கொழுப்பு மாத்திரை. சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் கூடவே கூடாது. அடோர்வாஸ்டாடினும் ஏறும், தசை வலியும் தசைச் சிதைவும் வரலாம். ரோசுவாஸ்டாடினில் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை, டாக்டர் மாற்றித் தரலாம்.

பிரஷர் மாத்திரை. அம்லோடிபின் தேங்கினால் கணுக்கால் வீங்கும். இட்ராகோனசோலே இதயத்தின் சுருங்கும் வலுவைக் குறைக்கக்கூடியது. இதயச் செயலிழப்பு இருந்தவருக்குத் தோல், நகத் தொற்றுக்காக இதைத் தரவே கூடாது. கால் வீக்கமோ படுத்தால் மூச்சு வாங்குவதோ உண்டா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ரிவரோக்சபான், டிகாக்ரெலார். தூக்கத்துக்கு அல்பிரசோலாம். கௌட்டுக்குக் கோல்சிசின். எல்லாமே தேங்கும்.

பலருக்குத் தோன்றாத ஒன்று ஆஸ்துமா இன்ஹேலர். ஃப்ளுடிகசோன், பியூடசோனைட் மாதக்கணக்கில் இட்ராகோனசோலோடு ஓடினால், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது போல முகம் உப்பிவிடும். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், இன்ஹேலரை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியாகக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கம்: காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமசெபின் சாப்பிடுகிறவருக்கு இட்ராகோனசோல் வேகமாகச் சிதைந்து வேலைக்கே ஆகாது.

ஃப்ளூகோனசோல் எழுதியிருந்தால் கதை வேறு. அதற்கு உணவும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். ஆனால் கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு போன்ற சுகர் மாத்திரையைத் தேங்க வைத்து தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். ஃபெனிடோயின் அளவும் ஏறும்.

டெர்பினாஃபின் இந்த மூன்றில் சாது. உணவோடும் சரி, இல்லாமலும் சரி. அது முடக்குவது 2டி6 என்ற வேறு நொதியை. அமிட்ரிப்டிலின், மெட்டோபுரோலால், டமாக்சிஃபென் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தால் போதும்.

தோல்_மருத்துவர்_மதுரை

மேலே சொன்னதெல்லாம் சரி. அந்தக் கணக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் அடங்காத படர்தாமரை இப்போது நிறைய. அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இன்று பெரும்பாலான படர்தாமரைக்குக் காரணம் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை. இந்தப் பெயரை 2020-இல்தான் வைத்தார்கள். டெர்பினாஃபின் தாக்க வேண்டிய இலக்கு ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி. அந்த நொதியில் ஓரிரு இடங்களில் அமினோ அமிலம் மாறிப் போனால் மருந்து ஒட்டுவதில்லை. 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் போய் லியூசின் வந்த வகைதான் அதிகம் தென்படுகிறது. 2023-இல் நியூயார்க்கில் கண்டறிந்த இரண்டு நோயாளிகளில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் எதுவும் செய்யாதவர். பரவல் அந்த அளவுக்குப் போய்விட்டது.

வாரணாசியில் 200 பேரை நான்கு குழுவாகப் பிரித்து நான்கு மாத்திரைகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. எட்டு வாரத்தில் குணமானவர்கள் இட்ராகோனசோலில் 66 சதவீதம், ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபுல்வினில் 14. படர்தாமரைக்கு டாக்டர்கள் இட்ராகோனசோலுக்குப் போவதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. அதே சமயம் அதில்கூட மூன்றில் ஒருவருக்கு எட்டு வாரத்தில் அடங்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

டெர்பினாஃபின் 500 பற்றி. நொதியே மாறிப்போன பூஞ்சைக்கு மருந்தை இரட்டிப்பாக்கிப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. மாறாத பூஞ்சைக்கு 250 போதும். சிலர் 500 எழுதுகிறார்கள், தவறு என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் 250-இல் நான்கு வாரம் ஆகியும் வட்டத்தின் விளிம்பு அடங்காதவருக்கு 500 தருவதைவிட மருந்தை மாற்றுவது மேல். இட்ராகோனசோலும் 200-க்கு மேல் ஏற்றினால் பக்கவிளைவு கூடும் அளவுக்குப் பலன் கூடுவதில்லை.

எத்தனை நாள்? பழைய பாடப்புத்தகத்தில் இரண்டு வாரம் என்று இருக்கும். இன்றைய தொற்றுக்கு நான்கு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அரிப்பு முதல் வாரத்திலேயே நின்றுவிடுவதால் நோயாளி அங்கேயே மருந்தை விட்டுவிடுகிறார், சிக்கல் அதுதான். செதில் போய், விளிம்பு தட்டையாகி, தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாக இருக்க வேண்டும். பழுப்புக் கறை மட்டும் மிச்சமிருந்தால் அது தொற்று அல்ல, அதற்காக மாத்திரையை நீட்ட வேண்டாம்.

கடைக்காரர்கள் மனது வைத்தால் ஒரே ஒரு விஷயத்தைச் செய்யலாம். குளோபெட்டசால் அல்லது பெக்லோமெதசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த ட்யூபைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். அதைத் தடவினால் மூன்றே நாளில் சிவப்பும் அரிப்பும் போகும். பூஞ்சை போகாது, தோலின் எதிர்ப்பு அடங்கியதால் சந்தடியில்லாமல் பரவும். வட்டம் கலைந்து, அடையாளமே தெரியாத திட்டாகி, தொடையில் வரி வரியாகத் தோல் கிழிந்தபின் வருவார்கள். இட்ராகோனசோல் வாங்குகிறவரிடம் "வீட்டில் வேறு ட்யூப் போடுகிறீர்களா" என்று கேட்டு, அதன் படத்தைப் போனில் காட்டச் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாது, காட்டத் தெரியும்.

வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துண்டு தனி. உள்ளாடை வெயிலில் உலர வேண்டும், ஈரத்தோடு போடக்கூடாது. இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பல நாள் ஈரத்தில் ஊறி, தொற்று அதை ஒட்டியே வளையம் போட்டு நிற்கும். சாமிக் கயிறு என்று தயங்கினால், குணமானபின் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

தஞ்சை_பார்மசிஸ்ட்

நன்றி மேடம், சார். கம்பெனி மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்ட்ரிப்பில் "எஸ்.பி." என்று போட்டு 50, 65, 130 என்றெல்லாம் வருகிறது. 100 எழுதியிருக்கும் சீட்டுக்கு இரண்டு 50 கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

மருந்தியல்_கோவை

கொடுக்கக் கூடாது. எஸ்.பி. என்பது உறிஞ்சப்படும் அளவு கூட்டப்பட்ட வேறு தயாரிப்பு. அதில் 50 அல்லது 65 மி.கி. என்று அச்சிட்டிருப்பது வழக்கமான 100-க்கு ஈடாக வைத்தது, 130 என்பது 200-க்கு. இரண்டு 50 கொடுத்தால் இருமடங்கு கொடுத்ததாகிவிடும். தலைகீழாக, எஸ்.பி. 65 எழுதிய சீட்டுக்கு வழக்கமான 100 கொடுத்தால் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் உணவும் அமிலமும் சரியாக இல்லாவிட்டால் உள்ளே போவது குறையும். எஸ்.பி. வகைக்கு அமிலத் தேவை குறைவு என்பதால் கேஸ் மாத்திரை விட முடியாதவருக்கு டாக்டர் தெரிந்தேதான் அதை எழுதியிருப்பார். கேட்காமல் மாற்ற வேண்டாம்.

வழக்கமான கேப்ஸ்யூலிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. உள்ளே இருப்பது தூள் அல்ல, சர்க்கரை மணிகளின் மேல் மருந்தைப் பூசிய சிறு உருண்டைகள். மணிகள் எத்தனை, எவ்வளவு சிறியவை, எவ்வளவு சீராக இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கரையும் வேகம் மாறும். சில தயாரிப்புகளில் பெரிதும் சிறிதுமாக, பூச்சே இல்லாத வெறும் மணிகளும் கலந்து கிடப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு கம்பெனியில் தொடங்கினால் முடியும் வரை அதையே கொடுங்கள். பாதியில் மாற்றி, அடங்காமல் போனால் மருந்தா, தயாரிப்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேப்ஸ்யூலைத் திறந்து மணிகளைச் சாதத்தில் தூவலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், முழுசாக விழுங்கட்டும்.

லேப்_பூஞ்சையியல்

நகத்துக்கு மூன்று மாத மாத்திரை எழுதும் முன் பரிசோதனை செய்தார்களா என்று யாராவது கேளுங்கள். தடித்து, மஞ்சளான கால் நகங்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையே இல்லை. சோரியாசிஸ், இறுக்கமான செருப்பு, பழைய அடி, எல்லாம் அதே மாதிரிதான் தெரியும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதித் தவறு. நகத்தின் நுனியை வெட்டி அனுப்பினால் செத்த பூஞ்சையும் அழுக்கும்தான் கிடைக்கும். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடம் வரை வெட்டிக்கொண்டு போய், நகத்துக்கு அடியில் இருக்கும் மாவு போன்றதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தோல் என்றால் வட்டத்தின் நடுவில் அல்ல, சிவந்த விளிம்பில். தோலுக்கு 10 முதல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும், சில நிமிடத்தில் தெளியும். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம், பெரும்பாலும் இரவு முழுக்க ஊற வேண்டும். அரைமணியில் பார்த்து "இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தால் அதை நம்பாதீர்கள்.

களிம்போ மாத்திரையோ போட்டுக்கொண்டிருக்கும்போது மாதிரி கொடுத்தாலும் பொய்யாக "இல்லை" என்று வரும். தோலுக்கு இரண்டு வாரமாவது நிறுத்தியபின், நகத்துக்கு இன்னும் கூடுதலாக.

கல்ச்சர் (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் நான்கு வாரம் ஆகும். இரண்டு குழாய் போடச் சொல்லுங்கள், ஒன்றில் சைக்ளோஹெக்சிமைடு (சில பூஞ்சைகளை வளரவிடாமல் தடுக்கச் சேர்க்கும் மருந்து) இல்லாமல். வெப்ப நாடுகளில் நியோசைட்டாலிடியம் என்ற பூஞ்சையும் நகத்தைப் பிடிக்கும். சைக்ளோஹெக்சிமைடு அதைக் கொன்றுவிடுவதால் கல்ச்சரில் வராது. அது இருந்தால் இந்த மாத்திரைகள் எதற்கும் சரியாகக் கேட்காது என்பதால் தெரிந்துகொள்வது முக்கியம்.

தோல்_மருத்துவர்_மதுரை

நகத்துக்கு டெர்பினாஃபின் 250 தினம் ஒன்று: கை நகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். இட்ராகோனசோல் என்றால் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் 200 மி.கி. இரு வேளை, மூன்று வாரம் ஓய்வு. கைக்கு இரண்டு சுற்று, காலுக்கு மூன்று. இந்த ஓய்வு வாரங்கள்தான் குழப்பம். "கடையில் நிறுத்தச் சொன்னார்கள்" என்று முதல் சுற்றோடு விட்டுவிடுவார்கள். கவரில் தேதி போட்டுக் கொடுங்கள். மருந்து நகத்திலேயே மாதக்கணக்கில் தங்கி வேலை செய்வதால்தான் இப்படி விட்டுவிட்டுத் தர முடிகிறது.

மாத்திரை முடிந்ததும் நகம் அழகாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மி.மீ. வளரும். கட்டைவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம். அதற்கு ஒரு எளிய வழி உண்டு: கெட்டுப்போன பகுதியின் பின்விளிம்பில் அரத்தால் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடுவது. கீறல் முன்னே நகர நகர அதன் பின்னால் தெளிந்த நகம் வந்தால் மருந்து கேட்கிறது. மஞ்சள் நிறம் கீறலைத் தாண்டிப் பின்னால் போனால் கேட்கவில்லை. நீளவாக்கில் ஒரு தடித்த மஞ்சள் கோடு இருந்தால் அங்கே பூஞ்சை கட்டியாக அடைந்திருக்கும், மாத்திரை உள்ளே புகாது. அந்த இடத்தை வெட்டியோ, 40 சதவீத யூரியா களிம்பால் மென்மையாக்கியோ எடுத்தால்தான் ஆகும்.

சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாக டெர்பினாஃபினே வசதி, மோதும் மருந்து குறைவு.

குழந்தை_தோல்

தலைக்கு வருகிறேன். குழந்தையின் தலைப்படைக்குக் களிம்பு மட்டும் போட்டுப் பயனில்லை, முடியின் வேருக்குள் பூஞ்சை இருப்பதால் உள்மருந்து கட்டாயம். செதிலும் ஒடிந்த முடியும் இல்லாமல், வழுவழுவென்று வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது புழுவெட்டு, அதற்குப் பூஞ்சை மாத்திரையே வேண்டாம்.

கிரிசியோஃபுல்வின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., ஆறு முதல் எட்டு வாரம். 15 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 300 முதல் 375 மி.கி. வரும். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உறிஞ்சப்படும்: முட்டை, பால், நெய்விட்ட பருப்புசாதம். இட்ராகோனசோலுக்கு வேண்டியது அமிலம், இதற்கு வேண்டியது கொழுப்பு. கவரில் எழுதும்போது மாற்றி எழுதிவிடாதீர்கள்.

டெர்பினாஃபின் எழுதியிருந்தால் 20 கிலோவுக்குக் கீழ் 62.5, 20 முதல் 40 வரை 125, அதற்கு மேல் 250. நான்கு வாரம். அதாவது 250 மாத்திரையில் கால், அரை, முழுசு. கால் மாத்திரையை வீட்டில் கத்தியால் வெட்டினால் பொடியாகும், கடையிலேயே கட்டரில் வெட்டிக் கொடுங்கள். டிரைகோஃபைட்டானுக்கு இது நன்றாகக் கேட்கும், மைக்ரோஸ்போரம் என்ற இன்னொரு வகைப் பூஞ்சைக்குக் கிரிசியோஃபுல்வின்தான் மேல். இந்தியாவில் முடிக்கு வருவது பெரும்பாலும் டிரைகோஃபைட்டான். புற ஊதா விளக்கில் அது பெரும்பாலும் ஒளிராது, ஒளிரவில்லை என்பதற்காகப் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

தலையில் சீழோடு மெத்தென்று வீங்கிய கட்டி வந்தால் கீறிவிடக் கூடாது. அது கீரியான், பூஞ்சைக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பு. கத்தி வைத்தால் தழும்பாகி அந்த இடத்தில் முடியே வராது. பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை, மருந்து தொடங்கி கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டால் போதும். சீப்பும் தொப்பியும் பகிரக்கூடாது.

தஞ்சை_பார்மசிஸ்ட்

கடைசியாக இரண்டு. தேமலுக்கு டெர்பினாஃபின் கேட்டு வருகிறார்கள். கல்லீரல் டெஸ்ட் எல்லாருக்கும் வேண்டுமா?

மருந்தியல்_கோவை

தேமலுக்கு டெர்பினாஃபின் மாத்திரை வேலை செய்யாது, கிரிசியோஃபுல்வினும் செய்யாது. களிம்போ ஷாம்புவோ போதும். மிகப் பரவலாக இருந்தால் டாக்டர் இட்ராகோனசோல் 200 மி.கி. ஐந்து முதல் ஏழு நாள், அல்லது ஃப்ளூகோனசோல் 300 வாரம் ஒருமுறை இரண்டு வாரம் தருவார். வெளுத்த நிறம் திரும்பச் சில மாதமாகும். கீட்டோகோனசோலை மாத்திரையாக யாரும் கேட்டால் ஷாம்புவைக் காட்டுங்கள். கல்லீரல் சேதம் காரணமாக 2013-இலேயே ஐரோப்பாவில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்காவில் தோல், நகத்துக்குத் தரக்கூடாது என்றார்கள்.

கல்லீரல் டெஸ்ட்: டெர்பினாஃபினோ இட்ராகோனசோலோ தொடங்கும் முன் ஒன்று. ஒரு மாதத்துக்கு மேல் போனால், அல்லது குடிப்பவர், மஞ்சள் காமாலை வந்தவர் என்றால் நடுவில் இன்னொன்று. ரிப்போர்ட்டைவிட முக்கியம் அறிகுறி: பசியின்மை, ஓயாத குமட்டல், சிறுநீர் கடுங்காபி நிறம், கண்ணில் மஞ்சள். வந்தால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். டெர்பினாஃபினில் நாக்கில் சுவை போய்விடுவதும் உண்டு. வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பும், ஆனால் அதையும் சொல்லி மருந்தை நிறுத்த வேண்டும். சாப்பாடே இறங்காமல் எடை குறைந்தவர்கள் உண்டு.

பெண்களிடம் கர்ப்பம் பற்றிக் கேட்காமல் இட்ராகோனசோலோ கிரிசியோஃபுல்வினோ கொடுக்க வேண்டாம். கிரிசியோஃபுல்வின் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும், மருந்து முடிந்து ஒரு மாதம் வரை வேறு தடுப்பு வேண்டும். அந்த மருந்து சாப்பிட்ட ஆண்களும் ஆறு மாதம் குழந்தைக்கு முயலக்கூடாது. இதை யாரும் ஆண்களிடம் சொல்வதில்லை, சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.